மொட்டைப் பதிவுக்கு யார் பொறுப்பு?

2012 அக்டோபர் கடைசியில் ஒரு விடியற்காலை, புதுச்சேரி சிபிசிஐடி போலீசார் ஊரில் சிறு தொழில் செய்துவந்த ஒருவரின் வீட்டுக்குப் போனார்கள். பத்து நாள் முன்பு அவர் ட்விட்டரில் ஒரு வரி எழுதியிருந்தார். அப்போதைய மத்திய நிதியமைச்சர் ப. சிதம்பரத்தின் மகன் கார்த்தி சிதம்பரத்தின் சொத்தைப் பற்றிய வரி. அந்தக் கணக்கைப் பின்தொடர்ந்தவர்கள் மொத்தம் 16 பேர். கார்த்தி தரப்பிலிருந்து மின்னஞ்சலில் புகார் போயிருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் வழக்குப் போட்டு, கைது செய்தார்கள். அப்புறம் ஜாமீனில் வந்தார்.

அவர் முகத்தை மறைத்துக்கொண்டு எழுதியவரல்ல. ஆனாலும் பெயரில்லாத பதிவுகளுக்கு யார் பொறுப்பு என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்குத்தான் நினைவுக்கு வருகிறது. ஒரு வரிக்குப் போலீஸ் எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தது? அதற்கான பதிலில்தான் இந்த விஷயத்தின் சூட்சுமம் இருக்கிறது.

நம் சட்டத்தில் குற்றங்கள் இரண்டு வகை. போலீசே நேரடியாக வழக்குப் பதிந்து விசாரிக்கக்கூடியவை ஒரு வகை. மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் கைவைக்க முடியாதவை இன்னொரு வகை. நீதிமன்ற வட்டாரத்தில் காக்னிசபிள், நான்-காக்னிசபிள் என்றே சொல்வார்கள். அவதூறு இரண்டாவது வகை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 356. இரண்டு ஆண்டு வரை சாதாரண சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது சமூக சேவை. ஆனால் அவதூறுக்கு ஆளானவர் தானே மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். காவல் நிலையத்தில் எஃப்ஐஆர் கேட்டால் போடமாட்டார்கள், போடவும் கூடாது. 66ஏ அப்படியில்லை. மூன்று ஆண்டு வரை சிறை கொண்ட அந்தப் பிரிவு காக்னிசபிள். 'எரிச்சலூட்டும்', 'சங்கடம் தரும்' என்ற அளவுக்கு அதன் சொற்கள் அகலமாக இருந்ததால், அவதூறு வழக்காகப் போயிருக்க வேண்டிய விஷயங்கள் அந்த வாசல் வழியாக நேராகப் போலீஸ் கைக்குப் போயின. 2012 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் பால்கரில் முகநூல் பதிவுக்காக இரண்டு இளம்பெண்கள் கைதானதும் நாடு முழுக்க இது பேச்சானது. 2015 மார்ச் 24 அன்று, ஸ்ரேயா சிங்கால் வழக்கில், நீதிபதிகள் செலமேஸ்வரும் ரோஹின்டன் நாரிமனும் 66ஏ பிரிவையே ரத்து செய்தார்கள். அதன் பிறகும் பல மாநிலங்களில் போலீசார் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தது கசப்பான உண்மை. 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட்டுத்தான் அதை நிறுத்த வேண்டியிருந்தது.

சரி, பெயரை மறைப்பதே குற்றமா? இல்லை. புனைபெயரில் எழுதக் கூடாது என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தமிழ் இலக்கியமே பாதி குற்றவாளிக் கூண்டில் நிற்கும். புதுவையில் பத்து ஆண்டுகள் அடைக்கலமாக இருந்த பாரதி, ஷெல்லிதாசன், காளிதாசன், சக்திதாசன் என்று எத்தனை பெயர்களில் எழுதினார்! பெயர் மறைக்கும் உரிமையை நான் மதிப்பது இதனால்தான். தன் அலுவலகத்தில் நடக்கும் ஊழலைச் சொல்கிற குமாஸ்தா, தன் சாதிக்குள் நடக்கும் கொடுமையைச் சொல்கிற பெண், தன் முதலாளி கூலி தராததைச் சொல்கிற தொழிலாளி இவர்களுக்கெல்லாம் சொந்தப் பெயரில் எழுதுவது வேலையையோ உயிரையோ பணயம் வைப்பதாக ஆகிவிடும்.

ஆனால் பெயரை மறைத்துக்கொண்டு மிரட்டினால் கதை வேறு. மொட்டைக் கடுதாசிக்கென்றே 1860-லேயே ஒரு பிரிவு எழுதினார்கள்: பழைய 507. இப்போது சன்ஹிதாவின் 351(4). பெயரையோ இருப்பிடத்தையோ மறைக்க முன்னேற்பாடு செய்துகொண்டு ஒருவரை மிரட்டினால், மிரட்டலுக்கு உரிய தண்டனையோடு சேர்த்து இன்னும் இரண்டு ஆண்டு வரை சிறை. ஒளிந்துகொண்டு மிரட்டுகிறவன் கூடுதல் ஆபத்தானவன், எதிரே இருப்பவருக்கு யாரைப் பார்த்துப் பயப்படுவது என்றே தெரியாது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. கடலூர் கல்லூரி மாணவி ஒருத்திக்கு நள்ளிரவில் முகமில்லாத கணக்கிலிருந்து 'உன் போட்டோ என்னிடம் இருக்கிறது' என்று வருவதை நினைத்துப் பாருங்கள். 160 ஆண்டுக்கு முந்தைய அந்தப் பிரிவு இன்றைக்கும் அப்படியே பொருந்தும்.

எழுதியவர் அகப்படவில்லையென்றால் யாரைப் பிடிப்பது? இதுவும் பழைய கேள்விதான், அதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1908-ல் சென்னையில் 'இந்தியா' இதழின் எழுத்துக்காக ஆங்கில அரசு வழக்குப் போட்டபோது சிறைக்குப் போனவர் பாரதி இல்லை. ஆசிரியர் என்று அரசிடம் பதிவாகியிருந்த சீனிவாசன் என்பவர் போனார். சட்டம் யாருடைய எழுத்து என்று பார்க்கவில்லை, யாருடைய பெயர் பதிவாகியிருக்கிறது என்று பார்த்தது. பாரதி பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவைக்கு வந்தார். இதழும் பின்னாலேயே வந்து 1910 வரை இங்கிருந்து வெளியானது. 1918 நவம்பரில் அவர் புதுவை எல்லையைத் தாண்டியதும் கடலூர் அருகே பிடித்து, கடலூர் சிறையில் வைத்தார்கள்.

எல்லைக்கு இந்தப் பக்கம், ஆங்கில ஆட்சியில், 1867-ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு தாளிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இருந்தாக வேண்டும் என்றது. அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர்களின் 1881 ஜூலை 29 பத்திரிகைச் சட்டம். குடியேற்ற நாடுகளுக்கும் சேர்த்தே எழுதப்பட்ட சட்டம் அது. அதில் பொறுப்பு படிப்படியாக இறங்கும். முதலில் வெளியீட்டாளர். அவர் இல்லையென்றால் எழுதியவர். அவரும் இல்லையென்றால் அச்சிட்டவர். கடைசியில் விற்றவர், வினியோகித்தவர், சுவரில் ஒட்டியவர். ஆக, யாராவது ஒருவர் கைக்கு எட்ட வேண்டும் என்பதில் இரண்டு அரசுகளும் ஒன்றுபோலத்தான் யோசித்தன.

இணையம் வந்ததும் இந்த ஏணி உடைந்துவிட்டது. எழுதியவர் யாரென்று தெரியாது. வெளியிடுவது ஒரு நிறுவனத்தின் இயந்திரம். கோடிக்கணக்கான வரிகளில் ஒன்றைக்கூட அது படித்துப் பார்த்து வெளியிடுவதில்லை. பழைய கணக்குப்படி நிறுவனத்தைப் பொறுப்பாக்கினால் அது பயந்துபோய், யார் ஆட்சேபித்தாலும் எல்லாவற்றையும் நீக்கும். பொறுப்பே இல்லை என்றால் அடிபட்டவருக்குக் கதியில்லை. இந்த இழுபறிக்கு இந்தியா கண்ட வழி, 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு. 2009-ல் அமலுக்கு வந்த திருத்தத்தோடு அது சொல்வது இவ்வளவுதான்: மற்றவர் எழுதியதைத் தாங்கி நிற்கும் நிறுவனம், அதை எழுதுவிக்கவில்லை, யாருக்கு அனுப்புவது என்று தேர்ந்தெடுக்கவில்லை, மாற்றவில்லை, உரிய கவனத்தோடு நடந்துகொண்டது என்றால் அதற்குப் பொறுப்பில்லை. ஆனால் தப்பான உள்ளடக்கம் இருப்பது தெரிந்தபின்னும் நீக்காமல் இருந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

'தெரிந்தபின்' என்றால் என்ன என்பதில்தான் சண்டை முழுக்க நடந்தது. உங்களைப் பற்றித் தப்பாக எழுதியிருக்கிறார்கள் என்று நீங்கள் ஒரு கடிதம் போட்டாலே நிறுவனத்துக்குத் தெரிந்துவிட்டதாக ஆகுமா? ஸ்ரேயா சிங்கால் தீர்ப்பு இதற்கும் பதில் சொன்னது. நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் 'தெரிந்தது' என்று கொள்ள வேண்டும்; எது உண்மை, எது அவதூறு என்று தீர்ப்புச் சொல்வது ஒரு தனியார் நிறுவனத்தின் வேலையில்லை. இது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் அதன் சுமை சின்ன மனிதர்கள் தலையில் விழுகிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஓர் உதாரணம் வைத்துப் பார்க்கலாம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பெண் சின்னதாக டிபன் கடை நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூகுள் மேப்பில் யாரோ ஒருவர், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு எழுத்து மட்டும் வைத்துக்கொண்டு, ஒற்றை நட்சத்திரம் போட்டு எழுதுகிறார். 'சட்னி வாயில் வைக்க முடியவில்லை' என்று எழுதினால் அது அவர் ருசி, அவர் கருத்து. எந்த நீதிமன்றமும் அதற்குத் தண்டிக்காது. 'நேற்றைய மாவில் கெட்டுப்போனதைக் கலக்கிறார்கள், சாப்பிட்ட நாலு பேர் ஆஸ்பத்திரியில்' என்று எழுதினால் அது நடந்ததாகச் சொல்லும் தகவல். உண்மையென்றால் எழுதியவருக்குப் பாதுகாப்பு உண்டு. சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்தாலே போதும். குற்ற வழக்கில் உண்மையோடு கூட, அதைச் சொன்னது பொதுநலனுக்காக என்றும் காட்ட வேண்டும். பொய்யென்றால் அது அவதூறு.

பொய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் என்ன செய்வார்? போலீஸ் வழக்குப் பதியமாட்டார்கள், ஏனென்றால் அவதூறு நான்-காக்னிசபிள். மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்கலாம். யார் மீது? பெயர் தெரியாது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 223-வது பிரிவோ, வழக்கைக் கோப்பில் எடுக்கும் முன் எதிராளிக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. முகமே இல்லாதவருக்கு எந்த முகவரிக்கு நோட்டீஸ் அனுப்புவது? சிவில் நீதிமன்றத்தில் வழி கொஞ்சம் சுலபம். அடையாளம் தெரியாத பிரதிவாதிக்கு ஒரு பெயர் வைத்து வழக்குப் போடலாம். ஆங்கிலத்தில் ஜான் டோ என்பார்கள். நம் நாட்டில் அவருக்கு அசோக் குமார் என்று பெயர். 'அசோக் குமார் உத்தரவு' என்று வக்கீல்கள் சொல்வது இதைத்தான். அப்படி வழக்குப் போட்டு, கணக்கு யாருடையது என்று சொல்லும்படி நிறுவனத்துக்கு உத்தரவு கேட்கலாம். வக்கீல் கட்டணம், வாய்தா, அலைச்சல் என்று கூட்டிப் பார்த்தால், இட்லி விற்றுப் பிழைக்கிறவருக்கு இது கட்டுபடியாகுமா?

அதே பதிவு ஒரு செல்வாக்குள்ள மனிதரைப் பற்றியது என்றால், அதை அவதூறு என்று யாரும் கொண்டுபோவதில்லை. கலவரம் தூண்டுதல், இரு பிரிவினரிடையே பகை மூட்டுதல் என்று ஏதாவது ஒரு காக்னிசபிள் பிரிவு புகாரில் சேர்ந்துவிடும். சேர்ந்தவுடன் முகமூடியைக் கழற்றும் சாவி போலீஸ் கைக்கு வந்துவிடுகிறது. காவல் நிலைய அதிகாரியே ஆவணங்களைக் கேட்டு எழுத, அதே புதிய நடைமுறைச் சட்டத்தின் 94-வது பிரிவு இடம் தருகிறது. சட்டப்படி கேட்கும் அரசு அமைப்புக்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்கின்றன தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் வந்த 2021-ஆம் ஆண்டு விதிகள். நடுவில் ஒரு நீதிபதி பார்த்து 'இது தேவைதானா' என்று கேட்கும் கட்டமே இல்லை. 66ஏ போய்விட்டாலும் இந்த ஏற்றத்தாழ்வு போகவில்லை என்பதுதான் என் குறை. ஒருவருடைய முகமூடியைக் கழற்ற வேண்டுமென்றால், கேட்பவர் அமைச்சராக இருந்தாலும் டிபன் கடைக்காரராக இருந்தாலும், ஒரே மாஜிஸ்திரேட் முன்னால் ஒரே விதமாகக் காரணம் சொல்லட்டும். அந்த மனுவை இரண்டு நாளில் முடிக்கும்படி நடைமுறை எழுதுவது ஒன்றும் முடியாத காரியமில்லை.

நீதிபதி பார்க்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம், இந்தத் தேடலில் ஆள் மாறிப்போகும். ஃபேக் ஐடியைக் கண்டுபிடிப்பது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கணக்குத் தொடங்கப் பயன்பட்ட போன் எண், மின்னஞ்சல், எந்த நேரத்தில் எந்த ஐபி முகவரியிலிருந்து (இணைய இணைப்புக்குத் தரப்படும் எண்) உள்ளே வந்தார்கள் என்ற பதிவு இவற்றை நிறுவனம் தரும். அந்த ஐபி முகவரியை அந்த நொடியில் யாருக்குக் கொடுத்திருந்தோம் என்பதை இணைய இணைப்புத் தரும் நிறுவனம் சொல்லும். ஆனால் கைபேசி இணையத்தில் ஒரே ஐபி முகவரியை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். அவர்களைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் சரியான நொடியும் இல்லாவிட்டால் எவரையும் குறிப்பிட்டுச் சொல்ல முடியாது. வெளிநாட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் விவரம் தரும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். அதைக் கூட்ட மறந்தால் வேறொரு வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். 2007-ல் அப்படி ஒன்று நடந்தே விட்டது. ஆர்குட் என்ற சமூக வலைதளத்தில் சிவாஜி மன்னரை இழிவுபடுத்தியதாக பெங்களூரு மென்பொருள் ஊழியர் ஒருவரைப் புனே போலீசார் பிடித்துப் போனார்கள். இணைப்பு நிறுவனம் தந்த ஐபி விவரமே தவறு. அது தெரியவருவதற்குள் அந்த இளைஞர் 50 நாள் சிறையில் இருந்துவிட்டார்.

எழுதியவர் பொறுப்பு, தாங்கிய நிறுவனத்தின் பொறுப்பு இரண்டையும் பார்த்தோம். நடுவில் நம்மைப் போன்றவர்கள் இருக்கிறோம்: வந்ததைத் தள்ளிவிடுகிறவர்கள், குழு நடத்துகிறவர்கள். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து ஒரே உயர் நீதிமன்றம் சென்னையில்தான், ஆகவே அது சொல்வது முள்ளோடை எல்லைக்கு இரண்டு பக்கமும் செல்லும். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை 2018-ல் நடிகர் எஸ்.வி. சேகர் முகநூலில் பகிர்ந்தார். எழுதியவர் அவரில்லை. படிக்காமலே பகிர்ந்துவிட்டார், கண்ணில் மருந்து விட்டிருந்தார் என்றெல்லாம் வாதம் வைக்கப்பட்டது. பகிர்வது ஆமோதிப்பதற்குச் சமம் என்று 2018-லேயே உயர் நீதிமன்றம் சொன்னது. 2023-ல் வழக்கை ரத்து செய்ய அதே நீதிமன்றமும், பிறகு உச்ச நீதிமன்றமும் மறுத்தன. 2024 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறை விதித்தது. இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. மொட்டைப் பதிவை எழுதியவர் கடைசிவரை அகப்படாமலே போகலாம், ஆனால் சொந்தப் பெயரில் அதைப் பகிர்ந்தவர் முதல் நாளே அகப்படுவார். அன்று சீனிவாசனுக்கு நேர்ந்ததற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு: இங்கே பகிர்ந்தவர் தன் விரலால்தான் பகிர்கிறார்.

வாட்ஸ்அப் குழு அட்மின் விஷயத்தில் நீதிமன்றங்கள் நியாயமாக நடந்திருக்கின்றன. கரூர் வக்கீல்கள் குழு ஒன்றில் வந்த பதிவுக்காக அட்மின் மீதும் வழக்குப் போட்டார்கள். அவர் வெறும் அட்மின்தான், வேறெதுவும் செய்யவில்லை என்று விசாரணையில் தெரிந்தால் குற்றப்பத்திரிகையில் அவர் பெயரை விட்டுவிட வேண்டும் என்று 2021 டிசம்பரில் மதுரைக் கிளை சொன்னது. பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்களும் இதே கருத்தில் இருக்கின்றன. புதுவையின் பழைய ஆட்சியாளர்களான பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு எதிர்ப்பக்கம் போனார்கள். 2011-ல் நீம் தொகுதியின் நாடாளுமன்றத் தேர்தல் வேட்பாளர் ஜூலியன் சான்செஸின் முகநூல் சுவரில் மற்றவர்கள் எழுதிய வெறுப்புப் பேச்சை அவர் உடனே நீக்கவில்லை, அபராதம் விதித்தார்கள். 2023 மே மாதத்தில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வும் அதைச் சரியென்றது. அரசியல்வாதி, தேர்தல் நேரம், எல்லோருக்கும் திறந்துவைத்த சுவர் என்பவை அங்கே கணக்கில் வந்தன. நம் ஊரில் கட்சிக்காரர்களின் பக்கங்களுக்குக் கீழே எழுதப்படுவதைப் பார்க்கும்போது, வெறும் அட்மினையும் தெரிந்தே விட்டுவைக்கும் அரசியல்வாதியையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது என்றுதான் தோன்றுகிறது.

அடிபட்டவருக்கு இன்றிருக்கும் நிலையில் என்ன வழி? முதல் வேலை, பதிவை ஸ்கிரீன்ஷாட் எடுப்பதோடு அதன் இணைய முகவரியையும் நேரத்தையும் எழுதி வைப்பது. மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். வெறும் படம் நிற்காது. அடுத்து, அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்குப் புகார். அந்தரங்கப் படம், மார்ஃபிங், ஆள்மாறாட்டம் என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை என்று 2021 விதிகள் கெடு வைத்தன. நீதிமன்ற உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டாம். மறுத்தால், 2023-ல் அமைந்த மேல்முறையீட்டுக் குழுவுக்கு 30 நாளுக்குள் போகலாம். பெண்ணை இழிவாகப் பேசியது, ஆபாசம், அவர் பெயரில் போலிக் கணக்கு என்றால் சைபர் கிரைம் போலீஸ் நேரடியாக வழக்குப் பதியலாம். பதிவு பாகூரிலிருந்து வந்திருந்தாலும் பாதிக்கப்பட்டவர் கடலூரில் இருந்தால் கடலூரிலேயே புகார் கொடுக்கலாம். 'இது பாண்டிச்சேரி கேஸ், அங்கே போங்க' என்று திருப்பி அனுப்ப இப்போது சட்டத்தில் இடமில்லை. எல்லையைப் பார்க்காமல் ஜீரோ எஃப்ஐஆர் போட்டு அங்கே அனுப்ப வேண்டியது அவர்கள் கடமை. புகார் வாங்கியதற்கான சிஎஸ்ஆர் ரசீதோடு அனுப்பிவிட்டால், எஃப்ஐஆர் என்ன ஆயிற்று என்று திரும்பப் போய்க் கேளுங்கள்.

நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்குப் போடுவதென்றால் காலம் ஓராண்டுதான். பதிவு இணையத்தில் தினமும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தாலும் முதலில் வெளியான நாளிலிருந்தே கணக்கு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-ல் சொல்லியிருக்கிறது. எழுதியவர் யாரென்று தேடுவதிலேயே அந்த ஓராண்டு ஓடிவிடும். ஆகவே பெயர் கிடைக்கட்டும் என்று காத்திருக்காமல், அசோக் குமார் பெயரிலேயே வழக்கை முதலில் போட்டுவிடுங்கள். உண்மையான பெயர் தெரியவந்ததும் மனுவைத் திருத்திக்கொள்ளலாம்.